ஆள் பிடிப்பதும் ஆள் சேர்வதும்



ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிக் கருத்தரங்குகளில் இப்போதெல்லாம் 'தொழில்சார் வலையமைப்பு' என்ற சொற்றொடர் அடிக்கடி காதில் விழுகிறது. ஒரு துறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும், அந்த அறிமுகத்தை அறுந்துபோகாமல் பேணிக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. சொல்தான் புதிது. நமது மலையக எழுத்தாளர்கள் அந்தச் சொல்லைக் கேள்விப்படாத காலத்திலேயே அப்படியொரு வலையைப் பின்னியிருக்கிறார்கள். அது எப்படிப் பின்னப்பட்டது, எங்கே அறுந்தது, எங்கள் சப்ரகமுவப் பக்கத்துக்கு அது ஏன் அரைகுறையாகவே வந்து சேர்ந்தது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

தொடர்பு என்றவுடன் நம்மவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது 'ஆள் பிடிப்பது'. இடமாற்றம் வேண்டுமா, ஆளைப் பிடி. பிள்ளைக்கு நல்ல பாடசாலையில் இடம் வேண்டுமா, ஆளைப் பிடி. மேலே இருக்கும் ஒருவரை எட்டிப் பிடிப்பதற்கான ஏணியாகத்தான் தொடர்பை நாம் விளங்கிவைத்திருக்கிறோம். தோட்டப்புறத்தில் இதற்கு ஒரு பழைய உறவுச் சொல்லும் உண்டு. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய்த் தொழிலாளரைத் திரட்டி வரும் கங்காணியின் வேலைக்கு 'ஆள் கட்டுதல்' என்று பெயர். மாட்டைக் கட்டுவதற்கும் அதே வினைச்சொல்தான் என்பதை என் மாணவர்கள் ஒருமுறை வகுப்பில் சுட்டிக்காட்டினார்கள்.

கங்காணியும் ஒரு வலை வைத்திருந்தவர்தான். சொந்தம், சாதி, ஊர், முன்பணம் என்ற இழைகளால் ஆன வலை அது. அதற்குள் வந்தவர் கடனோடு வந்தார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவதென்றால் அந்தக் கடனைச் சொல்லும் 'துண்டு' என்ற சீட்டு கூடவே போகும். 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. 'இவன் இன்னாருடைய ஆள்' என்று ஒருவரை அடையாளம் காணும் பழக்கத்தைச் சட்டத்தால் ஒழிக்க முடியவில்லை.

அந்தப் பழக்கத்துக்கு வெளியே, எழுத்தை நம்பி வேறு வகையான தொடர்பை முதலில் உண்டாக்கியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர். வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போடக்கூடிய காலத்தில், புடவை வியாபாரியைப் போல வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்று நிலைமையைப் பார்த்தவர். பார்த்ததை எழுதினார். எழுதியதைக் கொண்டுபோய்ச் சேர்க்க 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டெழுதிப் பாடியே கூட்டம் சேர்த்தார். ஒரு தோட்டத்தில் நடப்பது பக்கத்துத் தோட்டத்துக்கே தெரியாதிருந்த காலம் அது. பத்திரிகையில் அச்சான செய்தி, இரண்டு தோட்டத்து மக்களை, ஒருவரையொருவர் பாராமலே, அறிமுகப்படுத்தி வைத்தது. மலையகத்து எழுத்தாளர் வலையின் முதல் முடிச்சு அங்கே விழுந்தது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் நேயர்களே, எழுதுகிறவனைத் தேடி ஒருவர் கடிதம் போட வேண்டுமானால், எழுதுகிறவனுக்கு முகவரி வேண்டும். லயக் காம்பராவுக்கு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயருக்குக் கடிதம் வரும். தபால் பையில் காரியாலயத்துக்குப் போகும். அங்கே பிரிக்கப்பட்டு, மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரித்து, யாராவது ஒருவர் கையில் கொடுத்தனுப்பப்படும். பல தோட்டங்களில் இன்றும் இதுதான் நடைமுறை. என்னிடம் உயர்தர வகுப்பில் படித்த பிள்ளை ஒருத்திக்கு நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது. இரத்தினபுரிக்கு வந்த கடிதம், தோட்டத்துக் காரியாலயத்து மேசையில் ஒரு வாரம் கிடந்து, பரீட்சை முடிந்து இரண்டாம் நாள் அவள் கைக்குக் கிடைத்தது. அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மலையக எழுத்தாளர்களின் புனைபெயர்களைப் பாருங்கள். தெளிவத்தை ஜோசப், மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் என்று ஊர்ப்பெயரை முன்னே போட்டுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும்கூட இந்த வழக்கம் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். இருந்தாலும் வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாத ஒருவர், தன் பெயருக்கு முன்னால் தோட்டத்தின் பெயரைப் போடும்போது அதற்கு வேறொரு பயனும் இருக்கிறது. கதையை வாசித்தவர், 'இந்த ஜோசப் தெளிவத்தைத் தோட்டத்து ஆள்' என்று தெரிந்துகொள்கிறார். விசாரித்துக்கொண்டு வந்துவிடலாம்.

1960களில் இந்த விசாரிப்பு ஒரு முறைமைக்குள் வந்தது. வீரகேசரியில் தோட்டப்புறத்துக்கென ஒதுக்கப்பட்ட பக்கங்களை எஸ்.எம். கார்மேகம் பார்த்துக்கொண்டிருந்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து சிறுகதைப் போட்டிகளை நடத்தின. பரிசுபெற்ற கதைகள் 'கதைக்கனிகள்' என்ற பெயரில் 1971இல் நூலாக வந்தன. அந்நூலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது போட்டியின் இன்னொரு பக்கத்தை. பரிசு கிடைப்பது சிலருக்குத்தான். கதையை அனுப்புகிறவர்களோ, பரிசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கதையின் கீழே பெயரும் தோட்டமும் எழுதித்தான் அனுப்புவார்கள். ஒரு போட்டி முடியும்போது மலைநாட்டில் யார் யார் எழுதுகிறார்கள் என்ற பட்டியல் ஒன்று தானாகவே திரண்டுவிடும். பரிசளிப்புக்கென்று கூடும்போது, பெயரை மட்டும் அறிந்திருந்தவர்கள் முகத்தையும் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த வலையில் இருந்தவர்கள் என்ன தொழில் செய்தார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. தெளிவத்தை ஜோசப் தோட்டத்தில் வேலை பார்த்து, பின்பு கொழும்பில் ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் கணக்கெழுதியவர். என்.எஸ்.எம். இராமையா இரும்புக் கடையில் கணக்காளர். சாரல் நாடன் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர். மல்லிகை சி. குமார் தோட்டத் தொழிலாளி. ஒருவருக்கும் எழுத்து சோறு போடவில்லை. ஆகவே ஒருவர் மற்றவரிடம் போய் உத்தியோகம் கேட்கவோ சிபாரிசுக் கடிதம் கேட்கவோ வாய்ப்பிருக்கவில்லை. கேட்கக்கூடியதெல்லாம், 'அந்தக் கதை இருந்தால் அனுப்புங்கள்' என்பதும் 'இதைப் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்' என்பதும்தான். அந்த வலை நிலைத்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இராமையாவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வானொலி நேயர்களுக்கு அது பொருத்தமானதும்கூட. அவர் முதலில் வானொலிக்கு நாடகம் எழுதியவர். 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்த க. கைலாசபதி அவரைச் சிறுகதை எழுதத் தூண்டினார். 1961இல் 'ஒரு கூடைக் கொழுந்து' தினகரனில் வெளிவந்தது. மலையகச் சிறுகதை என்றால் இன்றும் முதலில் நினைக்கப்படும் கதைகளில் அது ஒன்று. ஆனால் அந்தத் தலைப்பில் அவருடைய தொகுதி நூலாக வந்தது 1980இல். பத்தொன்பது வருஷங்கள் சென்றிருந்தன. வெளியிட்டவர் பதுளையைச் சேர்ந்தவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவருமான மு. நித்தியானந்தன். அவருடைய வைகறை பதிப்பகம் 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980இல் இராமையாவின் நூல், 1981இல் சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' என்று மூன்று வருஷங்களில் மூன்று நூல்களைக் கொண்டுவந்தது. இராமையா 1990இல் காலமானார். அந்த ஒரு தொகுதியும் வராமலிருந்தால், அவர் எழுதியதைத் தேடிப் பழைய பத்திரிகைக் கட்டுகளைத்தான் நாம் இன்று புரட்டிக்கொண்டிருப்போம்.

மலையகத்துக்கு வெளியே இருந்துகொண்டு இந்த வலையைத் தாங்கியவர்களில் டொமினிக் ஜீவாவை விடமுடியாது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தும் நிலையத்திலிருந்து 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கினார். 2012 வரை நானூறு இதழ்களுக்கு மேல் கொண்டுவந்தார். சஞ்சிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாக, காரியாலயம் காரியாலயமாகப் போய் விற்றவர் அவர். விற்பனை என்று அதைச் சொல்வது சரியில்லை. போகிற இடத்தில் யார் எழுதுகிறார், யாருக்குச் சுகமில்லை, யாருடைய புத்தகம் அச்சில் இருக்கிறது என்ற செய்தியையும் அவர் காவிச் சென்றார். மல்லிகையின் அட்டையில் ஓர் எழுத்தாளரின் படம் வரும். உள்ளே அவரைப் பற்றி வேறொருவர் எழுதியிருப்பார். ஒருவரைப் பற்றி இன்னொருவரை எழுதவைப்பது சாதாரண காரியமாகத் தெரியலாம். எழுத உட்கார்ந்தவர் மற்றவரின் நூல்களை முழுதாகப் படித்தாக வேண்டியிருந்ததே! நம்மவர்களுக்குள் இருக்கும் பழைய வியாதி, ஒருவரை ஒருவர் படிக்காமலே அபிப்பிராயம் சொல்வது. அதற்கு இது கைகண்ட மருந்து.

வியாபாரத்தில் பெற்ற பணத்தை இந்த வலைக்குள் கொண்டுவந்தவர் துரை விஸ்வநாதன். 'துரைவி' என்று அறியப்பட்டவர். துரைவி பதிப்பகத்தின் மூலம் 1997இல் 'மலையகச் சிறுகதைகள்' என்ற தொகுதியை 33 கதைகளோடும், 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்ற தொகுதியை 55 கதைகளோடும் வெளியிட்டார். தொகுத்தவர் தெளிவத்தை ஜோசப். இரண்டையும் சேர்த்தால் 88 கதைகள். எழுதியவர்களில் சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், கதைகளோ வெவ்வேறு பத்திரிகைகளில் சிதறிக்கிடந்தன. முப்பது வருஷமாகக் கத்தரித்து வைத்து, கடிதம் எழுதி, விசாரித்து வந்த ஒருவரைத் தவிர வேறு யாராலும் அதை ஒரே வருஷத்தில் முடித்திருக்க முடியாது. பணம் துரைவியுடையது, முகவரிகள் ஜோசப்புடையவை. துரைவி 1998 டிசம்பரில் மறைந்தார். ஜோசப்பின் 'மலையகச் சிறுகதை வரலாறு' 2000இல் அதே துரைவி பதிப்பகத்தின் பெயரில் வெளிவந்தது. ஜோசப்பும் 2022 ஒக்டோபரில் நம்மை விட்டுப் பிரிந்தார்.

தமிழ் படிப்பிக்கிறவன் இந்த விஷயத்தைப் பேசும்போது உ.வே. சாமிநாதையரை நினைக்காமல் இருக்க முடியாது. அவரும் ஒரு கல்லூரித் தமிழாசிரியர்தான். 1880இல் தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் கல்லூரி வேலையை அவருக்குக் கிடைக்கச் செய்தார். அதே வருஷம் முன்சீபாக அங்கே வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்த்ததன் விளைவாகத்தான் சிந்தாமணி அவர் கைக்கு வந்தது, 1887இல் பதிப்பாகியது. ஆள் பிடித்த கதைகள்தானே இவை என்று கேட்கலாம். ஆனால் முதலியார் அவருக்குக் கொடுத்தது சலுகையா? பல வருஷம் தலையைப் பிய்த்துக்கொள்ளும்படியான வேலையை அல்லவா கொடுத்தார்! நம் நாட்டு சி.வை. தாமோதரம்பிள்ளையோடு சிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பதில் ஐயருக்கு ஒத்துப்போகவில்லை. அதற்காக இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நின்றுவிடவில்லை. தமக்கு வந்த கடிதங்களை ஐயர் பத்திரப்படுத்தி வைத்தார். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து அவற்றின் முதல் தொகுதி 2018இல் வெளிவந்தது. நமது மலையக எழுத்தாளர்களுக்கு வந்த கடிதங்கள் எங்கே? லயத்துக் கூரையில் மழை ஒழுகி நனைந்தவை, வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனவை, அடுப்பில் போனவை. அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

வீடு மாறுவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒரே லயத்தில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரரானார்கள். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்கள் மீதியிருந்தவர்களில் பலரை வடக்கே துரத்தின. இலக்கியச் சங்கம் ஒன்று நடத்துவதற்கு வேண்டிய பத்துப் பேரில் நான்கு பேர் நீலகிரியிலும் மூன்று பேர் வவுனியாவிலும் இருந்தால், மிஞ்சியவர்கள் கூட்டத்துக்கு வந்து யார் முகத்தைப் பார்ப்பது?

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். மலையக இலக்கியம் என்று எழுதப்படும் வரலாறுகளில் கண்டி, மாத்தளை, அட்டன், பதுளை என்ற பெயர்கள் வருமளவுக்கு இரத்தினபுரியும் கேகாலையும் வருவதில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது என்பது அதற்குக் காரணமல்ல. பாதையைப் பாருங்கள். கண்டி, அட்டன், பதுளை எல்லாம் ரயில் பாதையால் இணைந்தவை. பத்திரிகைக் கட்டும் தபால் பையும் எழுத்தாளரும் அந்த ரயிலில்தான் போய்வந்தார்கள். எங்களுக்கும் ஒரு சின்ன ரயில் இருந்தது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1912இல் இரத்தினபுரிக்கு வந்து, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் அது நின்றுபோயிற்று. மலையைப் பார்த்தால் சிவனொளிபாதத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மஸ்கெலியா. பலாபத்தலையிலிருந்து ஏறி நல்லதண்ணிப் பக்கம் இறங்குகிற யாத்திரிகர் உண்டு. பஸ்ஸில் போவதென்றால் அவிசாவளைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும். எங்கள் தோட்டங்களும் தேயிலையும் ரப்பரும் கலந்தவை, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவு தீவாகக் கிடப்பவை. இறக்குவானையில் பால்வெட்டுக்குப் போய்வந்து இரவில் கவிதை எழுதும் ஒருவரை எட்டியாந்தோட்டைக்காரருக்குத் தெரியாது. இருவரும் தனித்தனியே கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்புகிறார்கள். வெளிவந்தால் சரி, வராவிட்டால் இரண்டாவது முறை அனுப்புவதில்லை.

இரண்டாவது முறை அனுப்பாத அந்த இடத்தில்தான் எனக்குக் கவலை. ஒருவன் எழுதுவதை நிறுத்துவது பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கிறது. 'உங்களுடைய கதை கிடைத்தது, நடுப்பகுதி நன்றாக இருக்கிறது, முடிவைத் திரும்ப எழுதுங்கள்' என்று ஓர் அஞ்சலட்டை வந்திருந்தால் அவன் எழுதியிருப்பான்.

இன்று கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்லதுதான். தபால் பைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் மல்லிகையின் பழைய இதழ்களை எங்கள் மாணவர்கள் லயத்தில் இருந்தபடியே வாசிக்கிறார்கள். எங்கள் காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத பாக்கியம். நான் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். விடிந்தால் பூப்படமும் காலை வணக்கமும், பிறகு சுற்றுநிருபம். அண்மையில் ஒரு மாணவன் தன் கவிதையை அதில் போட்டான். நாற்பது பேர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். மூன்றாவது அடி தேவையில்லை என்று ஒருவர் சொல்லவில்லை. ஆளைத் தெரிந்துவைத்திருப்பது எளிதாகிவிட்டது. அவர் எழுதியதை வாசிப்பதற்கு எடுக்கும் நேரம் மட்டும் கார்மேகம் காலத்தில் எவ்வளவோ, இன்றும் அவ்வளவுதான்.

தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் வருஷத்துக்கு ஒருமுறை சந்திக்கிறோம். நடுவர் தீர்ப்புச் சரியில்லை என்று சண்டை பிடித்துவிட்டு பஸ் ஏறுகிறோம். அந்த நாளில், பரிசு பெறாத கட்டுரைகளையும் கவிதைகளையும் மாற்றிக்கொண்டால் என்ன? இறக்குவானைப் பிள்ளையின் கவிதையைத் தெரணியகலை ஆசிரியர் கொண்டுபோய், இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பலாம். செலவு ஒரு முத்திரை.

நான் ஒரு கொப்பியில் எங்கள் மாகாணத்தில் தமிழில் எழுதுகிறவர்களின் பெயரும், தோட்டமும், கடிதம் தவறாமல் கிடைக்கக்கூடிய ஒரு கடையின் அல்லது கோயிலின் முகவரியும் எழுதி வருகிறேன். எஹலியகொடை, நிவித்திகலை, காவத்தை, பலாங்கொடை, இறக்குவானை என்று இரத்தினபுரிப் பக்கம் ஓரளவு நிரம்பியிருக்கிறது. கேகாலைப் பக்கத்துத் தாள்களில் எட்டியாந்தோட்டையிலிருந்து மூவர், தெரணியகலையிலிருந்து ஒருவர். மற்றவை வெறுமையாக இருக்கின்றன. தெஹியோவிட்ட, ருவன்வெல்லைப் பக்கம் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் எழுத்தாளர்கள் இந்நிகழ்ச்சியின் முகவரிக்கே எழுதலாம். என்னிடம் சேர்ப்பித்துவிடுவதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். எழுதும்போது உங்கள் பெயரோடு, எழுதிய ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.